திடல்களின் கதை – 9: ஏழு முறை எழுந்த முழக்கம்

சென்ற வாரம் சென்னை நேரு விளையாட்டரங்கத்தின் பழைய நாட்களோடு நிறுத்தியிருந்தோம். அது கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்த காலம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். அந்தச் சாதனையை முறியடிக்க உலகத்துக்கு 52 ஆண்டுகள் பிடித்தன. அதே 1956இன் செப்டம்பரில், வங்கக் கடலுக்கு அப்பால் கோலாலம்பூரில், ஒரு குன்றின் அடிவாரத்தில் மண் வெட்டும் வேலை தொடங்கியது. பதினோரு மாதத்தில் அங்கே ஓர் அரங்கம் எழுந்தது. ஒரு நாடு பிறந்ததே அந்த அரங்கத்தில்தான். மெர்டேக்கா என்றால் மலாய் மொழியில் விடுதலை. இந்த வாரம் மெர்டேக்கா அரங்கத்தின் கதை.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு கோலாலம்பூர் திடலைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். செயின்ட் மேரீஸ் பள்ளி மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்குக் கால்பந்துக் கதை எந்த நாட்டுடையதானாலும் அந்நியமில்லை என்பது ஒரு பதில். இன்னொரு பதில் ரயில் நிலையத்தில் இருக்கிறது. திண்டுக்கல் மதுரை ஜில்லாவின் ஒரு பகுதியாக இருந்த நாளில், மழை பொய்த்த வருடங்களில், இந்தச் சமவெளிக் கிராமங்களிலிருந்து ரயிலேறித் திருச்சி, தஞ்சை வழியாக நாகப்பட்டினம் போய்க் கப்பல் பிடிப்பது ஊரறிந்த வழி. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் மலாயா போகும் கூலிகளுக்கென்றே முகாம்கள் இருந்தன. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பான், முன்பணம் கொடுப்பான், அந்தக் கடன் கப்பலிலும் கூடவே ஏறும். 1938இல் இந்திய அரசு இந்த ஆள்கட்டும் முறையை நிறுத்திய பிறகும், சொந்தச் செலவில் போனவர்கள் உண்டு. ‘ரஜூலா’ கப்பலின் பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கேட்டிருப்பார்கள். பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட அது தமிழர்களை ஏற்றி இறக்கியது.

இறங்கியவர்கள் ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். விடியும் முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு பால்மரம் வெட்டு, நண்பகலுக்கு மேல் பால் நிறுத்துப் போடுதல். லயத்து வீடுகளுக்கும் கோயிலுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு திடல் இருக்கும். மாலையில் அந்தத் திடலில் பந்து உருண்டது. தோட்டத்துக்குத் தோட்டம் அணி உண்டு, போட்டி உண்டு. மெர்டேக்கா அரங்கத்தின் கோல் கம்பத்துக்கு நடுவே பின்னாளில் ஒரு தமிழன் நின்றான் என்றால், அதற்கான பாதை அந்தத் தோட்டத்துத் திடல்களிலிருந்து புறப்பட்டது.

கட்டிய கதைக்கு வருவோம். மலாயாவுக்கு 1957இல் விடுதலை என்று லண்டன் பேச்சுவார்த்தையில் முடிவானதும், பிரதமராகப் போகும் துங்கு அப்துல் ரகுமானுக்கு ஓர் ஆசை வந்தது. விடுதலைப் பிரகடனத்தைப் பழைய ஆட்சியின் கட்டடம் எதிலும் வாசிக்கக் கூடாது, புதிதாகக் கட்டிய ஓரிடத்தில் வாசிக்க வேண்டும். அது விளையாட்டரங்கமாக இருக்கட்டும் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. துங்கு கால்பந்துப் பித்தர். மலாயா கால்பந்துச் சங்கத்துக்கும் பின்னர் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் தலைவராக இருந்தவர்.

வேலை பொதுப்பணித் துறையிடம் வந்தது. வரைந்தவர் அந்தத் துறையின் ஸ்டான்லி ஜூக்ஸ். இடம், கொரனேஷன் பார்க் என்ற பழைய பூங்கா. குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்திருந்த நிலம் என்பதால் சரிவையே படிக்கட்டு இருக்கைகளாக வெட்டிக்கொள்ள முடிந்தது. கையில் இருந்த காலத்துக்கு அது பெரிய உதவி. 1956 செப்டம்பர் 25இல் தொடங்கிய வேலை 1957 ஆகஸ்ட் 21இல் முடிந்தது. சுதந்திர தினத்துக்குப் பத்தே நாள் மிச்சம்.

அவசரத்தில் கட்டினாலும் அலங்கோலமாகக் கட்டவில்லை. நான்கு மூலையிலும் விளக்குக் கோபுரங்கள். இரும்புச் சட்டம் வெளியிலிருந்து வர நாளாகும் என்ற நிலையில், ஜூக்ஸ் முன்னழுத்தக் கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்தார். அதன் தத்துவம் எளிது. எஃகுக் கம்பிகளை இழுத்து விறைப்பாக வைத்துக் கான்கிரீட்டோடு பிணைத்துவிட்டால், சுருங்கத் துடிக்கும் கம்பி கான்கிரீட்டை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். காற்று தள்ளும்போது கான்கிரீட்டில் விரிசல் விடுவது இழுவிசையால்தான். முன்னமே அழுத்தி வைத்திருப்பதால் அந்த இழுவிசை தலைதூக்காது. இதனால் மெலிந்த கோபுரமும் உயரமாக நிற்கும். அந்த வகைக் கோபுரங்களில் அன்றைக்கு உலகிலேயே உயரமானவை மெர்டேக்காவின் நான்கும். நுழைவாயிலின் மெல்லிய கான்கிரீட் ஓட்டுக் கூரைகளும் அந்நாளில் பெரிதாகப் பேசப்பட்டவை. அரங்கம் கொள்ளும் கூட்டம் சுமார் 20,000. இன்றைய கணக்கில் சிறியதுதான். ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தைக் கூப்பிடாமல், நாட்டுப் பொதுப்பணித் துறையே இந்தத் தரத்தில் கட்டிக் காட்டியது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். புதிய நாடு தன் கையால் செய்த முதல் பொருள் அது.

ஆகஸ்ட் 30 அன்று அரங்கம் திறக்கப்பட்டது. அன்று நள்ளிரவு, செலாங்கூர் கிளப் எதிரிலிருந்த பாடாங் திடலில் யூனியன் ஜாக் இறக்கப்பட்டது. மறுநாள் ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. காலையில் மழை, நிகழ்ச்சி தாமதமாயிற்று. மழை விட்டதும் மலாய் சுல்தான்கள் மேடையில் அமர்ந்தார்கள். எலிசபெத் ராணியின் சார்பில் குளோஸ்டர் கோமகன் வந்திருந்தார். அவர் ஆட்சி மாற்ற ஆவணத்தைத் துங்குவிடம் கொடுத்தார். துங்கு பிரகடனத்தை வாசித்தார். பிறகு வலது கையை உயர்த்தி ‘மெர்டேக்கா’ என்று முழங்கினார். கூட்டம் திருப்பி முழங்கியது. ஏழு முறை. துங்கு கை உயர்த்தி நிற்கும் அந்தப் படம் மலேசியப் பள்ளிக் குழந்தைகள் எல்லோரும் அறிந்த படம். மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவர் வீ. தி. சம்பந்தன் அந்த நாள் அமைச்சரவையில் இருந்தவர். 1963 செப்டம்பரில் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா உருவானபோதும் பிரகடனத்துக்கு இதே அரங்கத்தைத்தான் தேர்ந்தார்கள்.

தோட்டத்துத் தமிழருக்கு அந்த முழக்கம் என்ன கொடுத்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். விடுதலை நாளுக்குப் பிறகு அந்த மண்ணில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்றது புதிய அரசியல் சட்டம். கப்பலில் வந்த பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். இத்தனை வருடம் வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மலாய் தெரிந்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாமல் லயத்திலேயே வாழ்ந்தவர்கள் பலர் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பிக்காமல் இருந்ததன் விலை 1969இல் தெரிந்தது. அந்த ஆண்டு மே 13 இனக் கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். சீட்டுக் கிடைக்காத பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள், வாழ்நாளெல்லாம் உழைத்த நாட்டை விட்டு மறுபடி கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். இங்கே அவர்களுக்கு நிலமும் இல்லை, பழக்கமும் இல்லை. விடுதலை அரங்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போவது அநியாயம்.

இனி பந்து. அரங்கம் திறந்த 1957லேயே துங்கு ஒரு போட்டியையும் தொடங்கிவைத்தார்: மெர்டேக்கா கோப்பை. முதல் கோப்பை ஹாங்காங்குக்குப் போனது. ஆசியக் கோப்பை நான்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும்; ஆசிய விளையாட்டும் அப்படியே. ஆண்டுதோறும் ஆசிய அணிகள் ஒன்றையொன்று பார்த்து, மோதி, கற்றுக்கொள்ள வேறு இடமில்லை. தென் கொரியா, ஜப்பான், பர்மா, இந்தோனேசியா, தாய்லாந்து என்று எல்லோரும் கோலாலம்பூர் வந்தார்கள். ஆசியக் கால்பந்தின் பள்ளிக்கூடமாக முதல் இருபது வருடம் இருந்தது இந்த அரங்கம்தான் என்பது என் முடிவு. பாடம் கேட்டுப் போன கொரியரும் ஜப்பானியரும் இன்று உலகக் கோப்பையின் நிரந்தர விருந்தாளிகள்.

இந்தியாவும் அந்த வகுப்பில் முன்பெஞ்சில் இருந்த காலம் உண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் என்ற காலம் அது. மெர்டேக்கா கோப்பையில் 1959இலும் 1964இலும் இந்தியா இரண்டாவதாக வந்தது. 1964 இறுதி ஆட்டத்தில் பர்மாவிடம் தோல்வி. சுனி கோஸ்வாமியும் பி. கே. பானர்ஜியும் ஆடிய புல்தரை அது. 1970இல் மூன்றாமிடம். அதற்குப் பிறகு நாம் இறங்கினோம், எதிரணிகள் ஏறின. 2023 அக்டோபரில் கோலாலம்பூரில் மறுபடி இந்தியா இந்தக் கோப்பைக்கு ஆடியபோது, மலேசியா 4–2 என்று வென்றது. ஆனால் அந்த ஆட்டம் புக்கிட் ஜாலிலின் புதிய அரங்கத்தில் நடந்தது. பழைய அரங்கத்துக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1975ஆம் ஆண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே வருடத்தில் இந்த அரங்கம் மூன்று பெரிய நாட்களைக் கண்டது.

மார்ச் 15, ஹாக்கி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியாவும் பாகிஸ்தானும். முதலில் பாகிஸ்தான் கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு சுர்ஜித் சிங் சமன் செய்தார். பிறகு அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் மூலையில் பட்டு வெளியே தெறித்தது. உள்ளே போய்த் திரும்பியதா, கம்பத்தோடு நின்றதா? பாகிஸ்தான் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மலேசிய நடுவர் ஜி. விஜயநாதன் கோல் என்ற தீர்ப்பிலிருந்து அசையவில்லை. இந்தியா 2–1. அஜித்பால் சிங் தலைமையிலான அந்த அணியில் நம் சென்னை வீரர் வி. ஜே. பிலிப்ஸும் இருந்தார். ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பையை இந்தியா வென்றது அந்த ஒரு முறைதான். ஹாக்கி மேதை தியான்சந்தின் மகன் அசோக் குமார் அடித்த கோலுக்கு, தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு மலேசியர் விசில் ஊதியிருக்கிறார்.

அதே ஆண்டு லண்டன் அர்செனல் அணி வந்தது. உள்ளூர்த் தேர்வு அணி 2–0 என்று வென்றது. இரண்டு கோலும் மொக்தார் டஹாரி போட்டவை. ‘சூப்பர் மொக்’ என்று மலேசியா கொண்டாடிய முன்கள ஆட்டக்காரர் அவர். 1978இல் இங்கிலாந்து பி அணிக்கு எதிராக இதே திடலில் அவர் தொலைவிலிருந்து எடுத்துப்போய் அடித்த கோல் இன்றும் பேசப்படுகிறது. தசை இயக்கத்தை முடக்கும் நரம்பு நோய் அவரை 1991இல் கொண்டுபோனது.

ஜூலை 1 அன்று முகமது அலி வந்தார். ஜோ பக்னருடன் 15 சுற்றுக் குத்துச்சண்டை. புள்ளிக் கணக்கில் அலி வென்று உலகப் பட்டத்தைத் தக்கவைத்தார். மூன்றே மாதத்தில் மணிலாவில் ஜோ ஃபிரேசியருடன் அவர் மோதிய மோதலை உலகமே அறியும். அதற்கு முந்தைய சண்டை நடந்தது இங்கே.

இப்போது ஆறுமுகத்திடம் வருகிறேன். ஆர். ஆறுமுகம். செலாங்கூர் அணியின் கோல்காப்பாளர். 1970களின் முற்பகுதி முதல் 1980களின் நடு வரை மலேசியாவின் கோல்காப்பாளர். நீண்ட கை, எந்த மூலைக்கும் பாயும் உடம்பு. ரசிகர்கள் வைத்த பெயர் ஸ்பைடர்மேன். அவருக்கு முன்னால் தடுப்பாட்டத்தில் சீனரான சோ சின் ஆன், சீக்கியரான சந்தோக் சிங். முன்வரிசையில் மலாய்க்காரரான மொக்தார். மே 13 கலவரத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட நாடு, அடுத்த பத்து வருடத்துக்குள் இப்படி ஒரு பதினொருவரைத் திடலில் நிறுத்தியது. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணியிலும் எம். சந்திரன், வி. கிருஷ்ணசாமி போன்ற தமிழ்ப் பெயர்கள் இருந்தன. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியாவுக்கு வெண்கலம்.

1980 ஏப்ரல் 6. மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் கடைசி ஆட்டம், மெர்டேக்கா அரங்கத்தில். எதிரே தென் கொரியா. ஆட்டம் 1–1 என்று நின்றது. முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, சபா மாநிலத்துக்காரர் ஹசன் சானி பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதே சபாவின் ஜேம்ஸ் வோங் உள்ளே தள்ளினார். 2–1. அரங்கமே ஆர்ப்பரித்தது. மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுவிட்டது.

போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன; மலேசியாவும் சேர்ந்துகொண்டது. அரசின் முடிவுக்கு அரசியல் காரணம் இருக்கலாம். வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் உழைத்து அந்த இடத்துக்கு வந்த ஆட்டக்காரர்களுக்கு அடுத்த வாய்ப்பு வரவில்லை. அதற்குப் பிறகு மலேசியக் கால்பந்து ஒலிம்பிக்கை எட்டவே இல்லை. ஆறுமுகம் 1988 டிசம்பரில் ஒரு கார் விபத்தில் இறந்தார். வயது முப்பத்தைந்துக்கு அருகில்தான். 2016இல் ‘ஓலா போலா’ என்ற மலேசியத் திரைப்படம் அந்த 1980 அணியின் கதையைத் தழுவி வந்தது. அதில் கோல்காப்பாளராக வரும் தமிழ் இளைஞனின் பெயர் முத்து. திரையரங்குகளில் எல்லா இனத்தவரும் சேர்ந்து அழுதார்கள். முத்துவின் பின்னால் இருந்த ஆறுமுகத்தைப் பற்றி நம் தமிழ்நாட்டில் எழுதியவர்கள் குறைவு. அதனால்தான் இந்த வாரம் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்தேன்.

அரங்கத்தின் பிற்காலம் வேகமாக மாறியது. கூட்டம் பெருகப் பெருக மேலடுக்குகள் ஏறின. கொள்ளளவு முதலில் இருந்ததைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியது. 1996இல் மைக்கேல் ஜாக்சன் ஆடிப் பாடினார். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகப் புக்கிட் ஜாலிலில் பிரம்மாண்டமான தேசிய அரங்கம் கட்டப்பட்டதும், மெர்டேக்காவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதற்கு முன்பே, நகரின் நடுவிலுள்ள அந்த நிலம் தனியார் கைக்குப் போயிருந்தது. இடித்துவிட்டுக் கடைகளும் அலுவலகங்களும் கட்டும் திட்டம் போடப்பட்டது. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. ரிங்கிட் சரிந்தது, கட்டுமானத் திட்டங்கள் முடங்கின. லட்சக்கணக்கானோரின் பிழைப்பைக் கெடுத்த அந்த நெருக்கடிதான் இந்த அரங்கத்தைக் காப்பாற்றியது.

பிறகு பி.என்.பி. என்ற தேசிய முதலீட்டு நிறுவனத்திடம் நிலம் வந்தது. பாரம்பரியக் காப்பாளர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2003இல் அது தேசியப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. விடுதலையின் பொன்விழாவை ஒட்டி, 1957இல் இருந்த தோற்றத்துக்கே அரங்கத்தைத் திருப்புவது என்று முடிவு செய்தார்கள். பின்னாளில் ஏறிய மேலடுக்குகளை இடித்து இறக்கினார்கள். கொள்ளளவு பழையபடி 20,000க்கு வந்தது. 1923இல் திறந்த லண்டன் வெம்ப்ளி அரங்கத்தின் இரட்டைக் கோபுரங்களை 2003இல் இடித்துத் தள்ளினார்கள், பெரிதாகக் கட்டுவதற்காக. கோலாலம்பூரில் சிறிதாக்குவதற்காக இடித்தார்கள். விளையாட்டரங்க வரலாற்றில் இது அபூர்வம். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் மிகச் சிறந்ததற்கான விருது இந்த வேலைக்குக் கிடைத்தது.

இன்று அரங்கத்தை ஒட்டி மெர்டேக்கா 118 என்ற கோபுரம் நிற்கிறது. உயரம் 678.9 மீட்டர். துபாயின் புர்ஜ் கலீஃபாவுக்கு அடுத்து உலகின் இரண்டாவது உயரமான கட்டடம். கட்டியவர்கள் அதே பி.என்.பி. நிறுவனத்தார். ஒரு காலத்தில் உலகின் உயரமானவை என்று பெயர் வாங்கிய அந்த நான்கு விளக்குக் கோபுரங்களும் அதன் நிழலில் நிற்கின்றன. கோலாலம்பூர் போகிறவர்கள் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், கீழே உள்ள அரங்கத்தையும் ஒருமுறை சுற்றி வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர், நத்தம் பக்கத்தில் மலாயா போய்த் திரும்பிய குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பெட்டியில் பழைய புகைப்படங்கள் இருக்கலாம்: தோட்டத்துக் கால்பந்து அணி வரிசையாக நிற்கும் படம், நடுவில் கோப்பை, ஓரத்தில் வேட்டி கட்டிய கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். கரையான் தின்னும் முன் அவற்றை எடுத்துப் படியெடுத்து வையுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். தோட்டத்து அணிகளின் வரலாறு எந்த நூலகத்திலும் முழுதாக இல்லை.

அடுத்த வாரம்: கொல்கத்தா சால்ட் லேக் அரங்கம்.